ஆறு வாரப் பள்ளித் தயார்நிலை முகாமை மற்ற மலைக் கிராமங்களுக்கும் விரிவுபடுத்தலாமா?

மலைப்பள்ளி ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில், சத்தியமங்கலம் மலைப்பகுதியில் உள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். எங்களிடம் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஊராளி, சோளகர் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டில் அவர்கள் பேசும் பேச்சு வேறு, பாடப்புத்தகத்தின் தமிழ் வேறு. சில குடியிருப்புகளில் அங்கன்வாடி இருக்கிறது, சிலவற்றில் இல்லை, இருக்கும் இடத்திலும் காட்டுவழியில் நடந்து வர வேண்டியிருப்பதால் பிள்ளைகள் ஒழுங்காகப் போவதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதத்தில் சேர்ந்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொன்னால் என் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது புரியும். முதல் இரண்டு நாட்கள் அவன் அழவும் இல்லை, பேசவும் இல்லை. கதவோரம் செருப்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் அவன் கால்சட்டை நனைந்து, மற்ற பிள்ளைகள் சிரித்த பிறகுதான், வெளியே போக வேண்டும் என்று என்னிடம் கேட்க அவனுக்குச் சொல் இல்லாமல் போயிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. நான்காம் நாள் அவன் வரவில்லை. அவனைத் திரும்ப அழைத்து வர எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது.

அடுத்த ஏப்ரலிலேயே, அந்தக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், ஒன்றாம் வகுப்பில் சேரவிருக்கும் பிள்ளைகளுக்கென்று ஆறு வார முகாம் ஒன்றைத் தொடங்கினோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இரண்டு பெண்கள் காலை 9 மணி முதல் 12 மணி வரை நடத்துகிறார்கள். எழுத்துப் பயிற்சி கிடையாது. கதை, பாட்டு, களிமண், புளியங்கொட்டையால் எண்ணுவது, கிரேயான் பிடிப்பது, தன் பெயரைச் சொல்வது, தனக்கு வேண்டியதைக் கேட்பது, வரிசையில் நின்று தட்டில் சோறு வாங்கி உண்பது ஆகியவைதாம் அங்கே பாடம். கடைசி வாரத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்து, அவர்கள் உட்காரப் போகும் அறையையும் கழிப்பறையையும் தண்ணீர்க் குழாயையும் காட்டிவிடுகிறோம். இந்த ஆண்டு முகாமுக்கு வந்த 17 பேரில் 15 பேர் ஜூன் முழுவதும் ஒரு நாள் விடாமல் பள்ளிக்கு வந்தார்கள். எங்கள் பள்ளியில் இதுவரை நான் காணாத ஒன்று இது.

இதைக் கேள்விப்பட்ட ஓர் அறக்கட்டளை, வரும் ஏப்ரலில் ஒன்பது குடியிருப்புகளில் இதை நடத்தப் பணம் தர முன்வந்திருக்கிறது. மனம் மகிழ்கிறது, ஆனால் தயக்கமும் இருக்கிறது. ஒன்பது இடங்களுக்குப் பதினெட்டுப் பெண்களை எங்கிருந்து கண்டுபிடிப்பது, அவர்களுக்கு யார் பயிற்சி தருவது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சென்ற வாரம் ஒரு தாய் என்னிடம் சொன்ன சொல் மனத்தை அறுக்கிறது: "டீச்சர், இந்த ஆறு வாரத்துலயே எல்லாம் வந்துடுதே, அப்புறம் எதுக்கு மூணு வருசம் பால்வாடிக்கு அனுப்பணும்?" நான் நல்லது செய்யப் போய் வேறொன்றைக் குலைத்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தத் தாயின் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை ஒரு குடியிருப்பைக்கூடக் கூட்ட வேண்டாம் என்பதுதான் என் முதல் கருத்து.

அங்கன்வாடி என்பது முன்பருவப் பள்ளி மட்டும் அன்று. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று இந்தத் திட்டம் தொடங்கப்பட்டபோதே, உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்குமான ஆலோசனை, முன்பருவக் கல்வி என எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்றுதான் வகுக்கப்பட்டது. மையத்துக்கு வரும் மூன்று வயதுக் குழந்தைக்கு முட்டையும் சத்துமாவும் கிடைக்கின்றன. மாதந்தோறும் எடை பார்க்கிறார்கள். எடை குறைந்தால் ஒருவர் கவனிக்கிறார். ஐந்து வயதில் ஆறு வாரம் பாட்டும் கதையும் கேட்கும் பிள்ளைக்கு, மூன்று வயதில் குறைந்த எடையை யார் திருப்பித் தர முடியும்? "இதுவே போதும்" என்ற எண்ணம் ஒரு குடியிருப்பில் வேர்பிடித்துவிட்டால், வருகைப் பதிவு குறையும். வருகை குறைந்தால் மையத்தை வேறொன்றோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சை என் பணிக்காலத்தில் நான் கேட்டிருக்கிறேன்.

அதே நேரத்தில், உங்கள் முகாமுக்கான தேவை ஏன் எழுந்தது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. நம் மாநிலத்தில் 54,439 குழந்தைகள் மையங்கள் இயங்கி வந்தன. அவற்றில் 4,940 குறு மையங்கள். குறு மையத்தில் உதவியாளர் கிடையாது; சமைப்பதும், ஊட்டுவதும், பாடம் சொல்வதும், பதிவேடு எழுதுவதும் ஒரே பெண்தான். மலைப்பகுதிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் இந்தக் குறு மையங்களைத்தான் பார்த்திருக்கிறேன். முதன்மை மையத்துப் பணியாளர்களின் நிலையும் பெரிதாக வேறுபட்டதன்று. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை, மற்ற நாட்களில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, கைப்பேசியில் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் பதிவு. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று நல்ல பாடத்திட்டம் கையில் இருக்கிறது. அதைத் திறந்து வைத்து ஆடவும் பாடவும் நேரம்தான் இல்லை.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு மையத்துக்குள் நுழைந்தேன். பணியாளர் சன்னலோரம் சிக்னல் தேடி நின்று பதிவேற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சுவரைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரை ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மிக உரக்கச் சொன்ன பையனை அழைத்து, "எனக்கு அஞ்சு புளியங்கொட்டை எடுத்துக் குடு கண்ணு" என்றேன். டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மீண்டும் போய் ஆறு, ஏழு என்று சேர்ந்துகொண்டான். அந்தப் பணியாளரை நான் குறை சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஐந்து என்றால் என்னவென்று அன்றே தெரிந்திருக்கும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். அங்கன்வாடி உள்ள குடியிருப்புகளில் முகாமைச் சமுதாயக் கூடத்தில் தனியாக நடத்தாதீர்கள். மையத்துக்குள்ளேயே, பணியாளரையும் சேர்த்துக்கொண்டு, "பால்வாடியின் கடைசி ஆறு வாரம்" என்ற பெயரிலேயே நடத்துங்கள். மே மாதத்தில் மையத்துக்கும் சில நாட்கள் விடுமுறை வருவதால் தேதியைப் பணியாளரோடு கலந்து முடிவு செய்யுங்கள். மையமே இல்லாத குடியிருப்புகளில் முகாம் நடத்துவதோடு நிற்காமல், மையம் கேட்டு விண்ணப்பியுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத ஊர் கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. நாற்பது பிள்ளைகள் இல்லாத சிறு குடியிருப்பானாலும், மலைப்பகுதியில் 150 பேர் இருந்தால் குறு மையம் கேட்க விதியில் இடம் உண்டு. உங்கள் முகாமின் வருகைப் பதிவேடே அந்த விண்ணப்பத்துக்குச் சான்றாகும்.

தரவு வாசகன்

மேற்பார்வையாளர் அம்மா, "பக்கத்தில் இன்னொருவர் இருந்திருந்தால்" என்று எழுதியதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டபர் வால்ட்டர்ஸ் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் மூவரும் நம் மாநிலத்தின் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் ஒரு பகுதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தி, பதினெட்டு மாதம் கழித்து அளந்தார்கள். பிள்ளைகளோடு கற்பித்தலுக்குச் செலவான நேரம் இரட்டிப்பானது. கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்க (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அலகு) அளவுக்கு முன்னேற்றம் தெரிந்தது. கல்வி ஆய்வுகளில் இவை கவனிக்கத்தக்க அளவுகள். இன்னொன்றும் நடந்தது: பாடம் நடத்தும் சுமை குறைந்ததால் பழைய பணியாளருக்கு உணவு, உடல்நல வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது, மையத்தில் தொடர்ந்த பிள்ளைகளிடையே வளர்ச்சிக் குன்றலும் கடுமையான ஊட்டக்குறைவும் குறைந்தன. புதிய கட்டடமோ கருவியோ இல்லாமல், உள்ளூர்ப் பெண் ஒருவரின் அரைநாள் உழைப்பினால் இவ்வளவும் நிகழ்ந்தன என்பதுதான் என்னை ஈர்த்த செய்தி.

விரிவாக்கம் குறித்து எச்சரிக்கும் ஒரு பழைய நிகழ்வையும் நினைவூட்ட விரும்புகிறேன். அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டம் 1965ஆம் ஆண்டு கோடையில் எட்டு வாரத் திட்டமாகத்தான் பிறந்தது. முதல் கோடையிலேயே 5 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகளைச் சேர்த்தார்கள். இவ்வளவு பேரை அவ்வளவு வேகத்தில் சேர்த்ததால், பயிற்சி பெற்றவர்கள் போதவில்லை. 1969இல் வெளிவந்த வெஸ்டிங்ஹவுஸ் அறிக்கை, கோடையில் மட்டும் நடந்த வகுப்புகளால் நிலைத்த பயன் தெரியவில்லை என்று கூறியது. அந்த அறிக்கையின் முறை பற்றிக் கடும் விவாதங்கள் எழுந்தன என்பது உண்மை. ஆனாலும் கோடை வகுப்புகள் படிப்படியாக முழு ஆண்டுத் திட்டமாக மாறின. எட்டு வாரத்தைப் பெரிதாக்கியதில் ஒரு நன்மை விளைந்தது: எட்டு வாரம் போதாது என்று ஒரு நாடே அறிந்துகொண்டது. ஒன்பது குடியிருப்புகளின் பிள்ளைகளை வைத்து அதே பாடத்தை நாம் மறுபடியும் கற்க வேண்டியதில்லை.

குறுகிய திட்டம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எத்தியோப்பியாவில் யுனிசெஃப் துணையோடு, முன்பருவப் பள்ளியே இல்லாத ஊர்களில், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கோடையில் இத்தகைய விரைவுத் திட்டங்களை நடத்தியிருக்கிறார்கள். மகாராட்டிரத்தில் 'பஹிலே பாவுல்', அதாவது முதல் அடி என்ற பெயரில், ஏப்ரலில் பள்ளியிலேயே ஒரு திருவிழா போல நடத்தி, ஒவ்வொரு பிள்ளையும் எதில் நிற்கிறது என்று தாய்க்குக் காட்டி, இடைப்பட்ட வாரங்களில் தாய்மார் குழுக்களே வீட்டில் பயிற்சி தந்து, ஜூனில் மறுபடியும் ஒரு திருவிழாவில் பார்க்கிறார்கள். ஊதியம் பெறும் ஆட்கள் குறைவாக இருக்கும் இடத்தில் தாய்மாரையே ஆசிரியராக்கும் வழி அது. நடுவண் அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட 'வித்யா பிரவேஷ்' இன்னொரு வழியைச் சொல்கிறது: நாளுக்கு நான்கு மணி நேரம் என்று ஒன்றாம் வகுப்பின் முதல் 12 வாரங்களையே விளையாட்டு வழித் தயார்நிலைக்கு ஒதுக்குகிறது. அது சார்ந்திருக்கும் தேசியக் கல்விக் கொள்கை பற்றி நம் மாநிலத்தில் உள்ள கருத்து வேறுபாடு தனி. பள்ளி திறந்த நாளோடு தயார்நிலை முடிந்துவிடுவதில்லை என்ற கருத்தை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் என் பரிந்துரை: ஒன்பது குடியிருப்புகளில் ஆறு வாரத்துக்குச் செலவிடவிருக்கும் பணத்தைக் கொண்டு, இரண்டு மூன்று குடியிருப்புகளில் ஒரு பெண்ணை ஓராண்டு முழுவதும் அரைநாள் அங்கன்வாடியில் அமர்த்த முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மலைப்பள்ளி ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். பணம் தருவோர் இரண்டு ஆண்டுக்குத்தான் உறுதி தந்திருக்கிறார்கள். அவர்கள் தந்த படிவத்தில் "பயன்பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை" என்ற கட்டம்தான் முதலில் இருக்கிறது. குடியிருப்புகளைக் குறைத்தால் பணமும் குறையலாம்.

ஊர்ப்பெண்

டீச்சர் அம்மா, வணக்கம். நானும் ஒரு மலைக் குடியிருப்பில் பிறந்தவள். எங்கள் ஊரிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். இரண்டு ஆண்டு இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராகவும் இருந்தேன். மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன், ஆனால் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். வரும் ஜூனில் ஐந்து வயது நிறையும் பிள்ளைக்கு வேறு ஆண்டு கிடையாது. மையம் கேட்டு விண்ணப்பித்து, அது வந்து சேரும் நாளில் அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருக்கும், அல்லது பள்ளியிலேயே இருக்காது. மையம் இல்லாத குடியிருப்புகளில் முகாமைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்கள் கிடைப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் அந்தந்த ஊரிலேயே கிடைத்தால் மட்டும் நடத்துங்கள். கீழிருந்து ஒருவரைக் கொண்டுவந்து நடத்த வேண்டாம். நான் ஒன்றாவது சேர்ந்தபோது டீச்சர் பேசியது எனக்குப் பாதிதான் விளங்கியது. பதில் தெரிந்தாலும் எங்கள் பேச்சில் சொன்னால் சிரிப்பார்களோ என்று வாயைத் திறக்க மாட்டேன். என்னை மக்கு என்று ஓராண்டு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். முகாமில் முதல் இரண்டு வாரம் எங்கள் பேச்சிலேயே கதை சொல்லட்டும். பாட்டிகளை அழைத்து வந்து பாடச் சொல்லட்டும். பிறகு அதே கதையைப் பள்ளித் தமிழில் சொன்னால் பிள்ளை பயப்படாது, ஏற்கெனவே தெரிந்த கதைதானே. ஒடிசாவில் அங்கன்வாடிப் பாடத்தையே பழங்குடி மொழிகளில் அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள் என்று படித்தேன். நமக்கு அச்சுப் புத்தகம்கூட வேண்டாம், அந்தப் பேச்சுக்கு அந்த அறையில் மரியாதை கிடைத்தால் போதும்.

காலத்தையும் பாருங்கள். கரும்பு வெட்டுக்கும் மில் வேலைக்கும் கீழே போனவர்கள் ஊர்க் கோயில் நோன்பிக்குத்தான், அதாவது திருவிழாவுக்குத்தான், திரும்புவார்கள். பல வீடுகளில் பிள்ளையும் கூடவே போயிருக்கும். நோன்பி தேதி ஊருக்கு ஊர் மாறும். எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்கினால் பாதிப் பிள்ளைகள் இல்லாத ஊரில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பீர்கள். தேன் எடுக்கப் போகும் வீடுகளில் விடியலிலேயே பெரியவர்கள் கிளம்பிவிடுவதால், பிள்ளையைக் கொண்டுவந்து விடப் பாட்டிதான் இருப்பார். வழியில் யானை நிற்கிறது என்றால் அன்று யாரும் வர மாட்டார்கள். அதை வருகைக் குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்

தங்கை சொல்வதை ஏற்கிறேன். மையம் இல்லாத இடத்தில் காத்திருக்கச் சொன்னது போல என் எழுத்து தோன்றியிருந்தால் அது என் பிழை. விண்ணப்பமும் முகாமும் ஒன்றாகவே நடக்கட்டும். இரண்டாம் ஆண்டு முடியும்போது மையம் வந்திருந்தால், முகாமில் இருந்த பெண்ணே அங்கே பணிக்கு விண்ணப்பிக்கலாம். வயதும் தகுதியும் பொருந்துகிறதா என்று இப்போதே பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மலைப்பள்ளி ஆசிரியை

நேற்று எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். ஒன்பதுக்குப் பதில் நான்கு குடியிருப்புகள் என்று முடிவெடுத்தோம். அவற்றில் இரண்டில் மையம் இல்லை. அங்கே முகாம் நடக்கும், குறு மையம் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்புவோம். மையம் உள்ள இரண்டில், ஏப்ரலுக்குக் காத்திராமல் ஜனவரியிலிருந்தே ஒரு பெண் காலை அரைநாள் பணியாளரோடு சேர்ந்து இருப்பார். ஆறு வாரம் அதன் நிறைவுப் பகுதியாக மையத்திலேயே நடக்கும். ஜூனில் முகாம் பெண்கள் மூன்று வாரம் என் வகுப்பறையில் பிள்ளைகளோடு உட்காருவார்கள். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சி நூலை அதற்குப் பிறகு திறப்பேன். அறக்கட்டளைக்கு அனுப்பும் கடிதத்தில், முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குப் பதிலாக, ஜூலை 31 அன்று எத்தனை பேர் இன்னும் வகுப்பில் இருக்கிறார்கள் என்று கணக்குத் தருகிறேன் என எழுதியிருக்கிறேன். பணத்தைக் குறைத்தால் இரண்டு குடியிருப்போடு தொடங்குவோம்.

அந்தத் தாயை இன்று காலை பார்த்தேன். அவருடைய இளைய மகளுக்கு மூன்று வயது. முகாமில் நன்றாகப் பாடியது பால்வாடிக்கு ஒழுங்காகப் போன பிள்ளைகள்தாம் என்று பெயர் பெயராகச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மையத்துப் பணியாளரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊர்ப்பெண் தங்கைக்கு ஒரு வேண்டுகோள். முகாமுக்கான பாட்டுகளை உங்கள் பேச்சில் பாடிப் பதிவு செய்து தர உங்கள் ஊர்ப் பாட்டிகள் இசைவார்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் வருகிறேன்; எந்த நேரம் வந்தால் அவர்களுக்கு வசதி என்று எழுதுங்கள்.